லிஸ்ட்டில் ஏழு பேர், களத்தில் எத்தனை பேர்?

கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் டீமுக்கு வைட் ரிசீவர் பஞ்சம் என்று அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிற எல்லாரும் 2022-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த டீமும் சும்மா இல்லை. வருஷா வருஷம் ஆள் எடுக்கிறது. ஆனா அக்டோபர் வந்தால் மறுபடியும் கடை கடையாக ஏறி ஆள் தேடுகிறது. "ஒரு பெரிய ஸ்டாரை வாங்கிப் போட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்பதுதான் ரசிகர்களின் ஒரே தீர்வு. எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் ஆளைத் தேடுவதில் அந்த டீம் பெரிசா கோட்டை விடவில்லை. நாலாவது, அஞ்சாவது ஆளை எப்படி எடுக்கணும் என்பதில்தான் அது தொடர்ந்து சொதப்பியது. ஜெயித்த நாட்களில் காப்பாற்றியதும் அந்த நாலாவது, அஞ்சாவது ஆள்தான்.

நம்ம கேம்பஸில் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். (சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை காலை 5 மணிக்கு. அந்த நேரத்தில் ஹாஸ்டலில் லைட் எரிந்தால் ஒன்று யாரோ ரெக்கார்டு எழுதுகிறான், இல்லையென்றால் என்னை மாதிரி ஒரு கிறுக்கு.) அதனால் ஆட்டத்தைப் பற்றி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் 11 பேர். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். சீஃப்ஸுக்கு அது பேட்ரிக் மஹோம்ஸ். ஓடிப்போய் பிடிப்பவர்களில் முக்கியமானவர்கள் வைட் ரிசீவர்கள். பெரும்பாலான ப்ளேக்களில் மூணு பேர் நிற்பார்கள், கூட டைட் எண்ட் என்று கொஞ்சம் பெரிய உடம்புக்காரர் ஒருவர். சீஃப்ஸில் அவர் ட்ராவிஸ் கெல்சி. வெளியிலிருந்து பார்த்தால் மூணு ரிசீவரும் ஒரே வேலை செய்வது மாதிரி தெரியும். கிடையாது. "எக்ஸ்" என்பவர் கோட்டின் மேலேயே நிற்கணும், எதிராளி நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவான், அதைத் தாண்டி ஓடணும். "இசட்" ஒரு அடி பின்னால் நிற்பார், பந்து கிளம்பும் முன் பக்கவாட்டில் நகரலாம். "ஸ்லாட்" உள்பக்கம், கூட்டத்துக்கு நடுவில். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல ரூட்களில் ரிசீவர் எந்தப் பக்கம் திரும்பணும் என்பது ஓடும்போதுதான் முடிவாகும். எதிராளி பின்னால் விலகி நின்றால் நிற்கணும், ஒட்டி நின்றால் தாண்டி ஓடணும். மஹோம்ஸும் அதே நொடியில் அதையே படிக்கணும். இரண்டு பேரும் வேற வேற மாதிரி படித்தால் பந்து யாருமில்லாத புல்லில் போய் விழும், அல்லது எதிராளி கையில்.

இப்போது கதைக்கு வருவோம். 2022 மார்ச்சில் சீஃப்ஸ் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு ஐந்து டிராஃப்ட் பிக். மயாமி ஹில்லோடு போட்ட புது ஒப்பந்தம் 4 வருஷத்துக்கு 12 கோடி டாலர். என்.எஃப்.எல்.-இல் ஒரு டீமின் மொத்த சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2022-ல் அது 20.82 கோடி டாலர். மஹோம்ஸுக்கு ஏற்கெனவே 10 வருஷ, 45 கோடி டாலர் ஒப்பந்தம். கணக்கு நீங்களே போட்டுப் பாருங்க. ஹில் அதற்கப்புறம் மயாமியில் 2022-ல் 1,710 யார்டு, 2023-ல் 1,799 யார்டு எடுத்தார். அந்த இரண்டு சீசனிலும் சூப்பர் பவுல் ஜெயித்தது சீஃப்ஸ். ஆகவே "ஹில்லை விட்டதுதான் தப்பு" என்ற வாதத்தை நான் அங்கேயே மூடிவிடுகிறேன்.

ஹில்லின் இடத்துக்கு ஒரு ஆளை வாங்காமல், நாலைந்து பேரை வாங்கினார்கள். பிட்ஸ்பர்கிலிருந்து ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர். கிரீன் பேயிலிருந்து மார்க்கெஸ் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங். டிராஃப்டின் இரண்டாவது சுற்றில் ஸ்கை மூர். ஏற்கெனவே இருந்த மெக்கோல் ஹார்ட்மன். சத்தமில்லாமல் சேர்ந்த ஜஸ்டின் வாட்சன். அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸிடமிருந்து கடேரியஸ் டோனி.

இந்தக் கூட்டம் என்ன மதிப்பு என்பது 2023 ஜனவரி 29-ல் தெரிந்தது. சின்சினாட்டியோடு ஏ.எஃப்.சி. இறுதி ஆட்டம். மஹோம்ஸுக்குக் கணுக்காலில் சுளுக்கு, நொண்டிக்கொண்டே ஆடுகிறார். ஆட்டம் போகப் போக டோனி காயம், ஹார்ட்மன் காயம், ஜூஜூ காயம். மூணு பேரும் வெளியே. நம்ம ஊர் டோர்னமென்ட்டாக இருந்தால் அங்கேயே ஷூவைக் கழற்றியிருப்பார்கள். மிச்சம் இருந்தவர்களில் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் 6 கேட்ச், 116 யார்டு, ஒரு டச்டவுன். சீசன் முழுக்க அவரைத் திட்டியவர்கள்தான் அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டியது.

அதைவிட எனக்குப் பிடித்தது வேற. ஸ்கோர் 20-20, கடைசி நிமிஷம். சின்சினாட்டி பந்தை உதைத்து அனுப்புகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஓட டோனியும் இல்லை, ஹார்ட்மனும் இல்லை. போய் நின்றது ஸ்கை மூர். அந்த சீசனில் இதே வேலையில் பந்தைக் கை தவறவிட்டு, "நீ வேண்டாம்பா" என்று எடுக்கப்பட்ட பையன். 29 யார்டு ஓடினார். அடுத்து மஹோம்ஸ் கோட்டுக்கு வெளியே போன பிறகு எதிராளி தள்ளியதற்கு 15 யார்டு பெனால்டி. ஹாரிசன் பட்கர் 45 யார்டு கிக். 23-20. இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுலிலும் சீஃப்ஸ் ஜெயித்தது, 38-35. அதில் டோனி பன்ட்டைப் பிடித்து 65 யார்டு ஓடினார், அது சூப்பர் பவுல் ரெக்கார்டு. மூரும் டோனியும் ஆளுக்கொரு டச்டவுன்.

இதைப் பார்த்து டீம் என்ன பாடம் எடுத்துக்கொண்டது? "நம்மகிட்ட ஆள் நிறைய இருக்கு" என்று. ஜூஜூவைப் போகவிட்டது. ஹார்ட்மனையும் போகவிட்டது. டோனியும் மூரும் பெரிய ஆளாகிவிடுவார்கள் என்று நம்பியது.

2023 செப்டம்பர் 7, டெட்ராய்ட்டோடு முதல் ஆட்டம். முழங்கால் காயத்தால் கெல்சி இல்லை. டோனி கையில் பட்டுத் தெறித்த ஒரு பந்தை டெட்ராய்ட் பிடித்து நேரே டச்டவுனுக்கு ஓடியது. 21-20 தோல்வி. நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவோடு கடைசி 2 நிமிஷத்துக்குள் மஹோம்ஸ் எறிந்த நீளமான பந்து வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் கையில் வந்து விழுந்தது, அப்படியே நழுவியது. 21-17 தோல்வி. டிசம்பர் 10, பஃபலோவோடு கெல்சி பந்தைப் பிடித்து, பின்னால் டோனிக்கு எறிந்து, டோனி டச்டவுன் வரை ஓடி, ஸ்டேடியமே எழுந்து நிற்கிறது. கொடி விழுந்தது. டோனி ஆரம்பத்திலேயே கோட்டைத் தாண்டி நின்றிருக்கிறார். 20-17 தோல்வி. எங்கே நிற்கணும் என்பதில் வந்த தப்பு அது. ஓட்டமும் கையும் என்ன பண்ணும்?

லிஸ்ட்டில் ஏழு பேர் இருந்தார்கள். மஹோம்ஸ் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியவர்கள் கெல்சியும், புதுப் பையன் ரஷீ ரைஸும். ரைஸ் அந்த சீசனில் 79 கேட்ச், 938 யார்டு.

இங்கேதான் நம்ம பாடம் கொஞ்சம் உதவுகிறது. ரிலையபிலிட்டியில் ஒரு சிஸ்டத்துக்கு ஸ்பேர் வைக்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்த்து பெருக்கிப் போடுவோம். ஒன்று ஃபெயிலாக 0.1 என்றால் மூணும் ஃபெயிலாக 0.001. பரீட்சையில் ஃபுல் மார்க். ஆனா அந்தக் கணக்கு மூணும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் ஃபெயிலாகும் என்று எடுத்துக்கொள்கிறது. ஃபுகுஷிமாவில் 2011-ல் எமர்ஜென்சி டீசல் ஜெனரேட்டர் ஒன்றுக்கு மேல் இருந்தது. பெரும்பாலானவை தண்ணீர் ஏறும் இடத்தில். ஒரே சுனாமி, ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஸ்பேர் எத்தனை என்பதோடு, அவை எல்லாம் ஒரே காரணத்தால் சாகுமா என்றும் கேட்கணும்.

சீஃப்ஸ் ஜெனரல் மேனேஜர் பிரெட் வீச் அடுக்கிய ஸ்பேர்களைப் பாருங்க. ஹார்ட்மன் வேகம். வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் வேகம். 2024-ல் வந்த மார்க்கீஸ் ப்ரவுன் வேகம். அதே வருஷம் முதல் சுற்றில் எடுத்த சேவியர் வொர்தி 40 யார்டை 4.21 விநாடியில் ஓடி கம்பைன் ரெக்கார்டையே உடைத்தவர், எடை 75 கிலோ சொச்சம். ஹில் ஒரு வேகக்காரர், அவர் இடத்தில் இன்னொரு வேகக்காரர் என்று தேடியது புரிகிறது. ஆனால் ஹில் போன பிறகு 2022-ல் அந்த டீமின் வைட் ரிசீவர்களில் முதலிடம் யார்? ஜூஜூ, 933 யார்டு. கம்பைனில் அவர் 40 யார்டு ஓடியது 4.54. 2023-ல்? ரைஸ், 4.51. இரண்டு பேரும் மெதுவானவர்கள், அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால். இரண்டு பேரும் உள்ளே புகுந்து, அடி வாங்கி, பந்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு அடி இழுப்பவர்கள். வேகத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருத்தன் நேராகப் பறந்தால் எதிராளி பின்வாங்குவான், அந்த இடைவெளியில்தான் கெல்சி பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார். ஆனா அதற்கு ஒருத்தன், மிஞ்சிப்போனால் இரண்டு பேர் போதும்.

2024 இதை இன்னும் பச்சையாகக் காட்டியது. ப்ரவுன் ப்ரீ-சீசன் முதல் ஆட்டத்திலேயே தோள்பட்டைக் காயம், டிசம்பர் வரை வரவில்லை. நாலாவது ஆட்டத்தில் மஹோம்ஸ் எறிந்த பந்தை எதிராளி பிடித்துவிட்டான். அவனை மடக்கப் பாய்ந்த மஹோம்ஸ் மோதியது ரைஸின் முழங்காலில். சீசன் முடிந்தது. சொந்த குவார்ட்டர்பேக்கே! (எந்த ரிலையபிலிட்டி மாடலிலும் இந்த ஃபெயிலியர் மோடு வராது.)

அடுத்த ஆட்டம், அக்டோபர் 7, நியூ ஆர்லியன்ஸோடு. யார் வந்து நின்றது தெரியுமா? ஜூஜூ. ஒரு வருஷம் நியூ இங்கிலாண்ட் போய், அங்கே வேண்டாம் என்று விட்டுவிட, ஆகஸ்ட்டில்தான் திரும்பி வந்திருந்தார். 7 கேட்ச், 130 யார்டு. அந்த ஒரு வருஷத்தில் அவர் வேகம் கூடவில்லை. அவருக்குப் பாடம் தெரியும். ஆண்டி ரீட் என்ற கோச்சின் ப்ளேபுக் ஒரு செமஸ்டரில் முடிக்கிற சமாசாரம் இல்லை. அதை ஏற்கெனவே படித்து, மஹோம்ஸ் தோளைத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஆள் அவர்.

ஹார்ட்மன் கதையும் இதேதான். 2023-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார், அங்கே ஒன்றும் நடக்கவில்லை, அக்டோபரில் சீஃப்ஸ் திரும்ப வாங்கியது. ஜனவரியில் பஃபலோவில் பந்தைத் தவறவிட்டு டீமையே கிட்டத்தட்ட வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மூணு வாரம் கழித்து சூப்பர் பவுல் ஓவர்டைமில் ஜெயிக்க வைத்த 3 யார்டு டச்டவுன் அவருடையது. அந்த ப்ளே முந்தைய வருஷ சூப்பர் பவுலில் மூருக்கும் டோனிக்கும் டச்டவுன் கொடுத்த அதே ஐடியாவின் தம்பி. ஒரு பக்கம் ஓடுவது போல் கிளம்பி சட்டென்று திரும்பணும். பழைய ஆளுக்கு அதைப் புதுசாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஜூஜூவுக்கும் தொடை தசை இழுத்துக்கொள்ள, டென்னசியிலிருந்து டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை வாங்கினார்கள். ரசிகர்கள் கேட்ட அந்தப் "பெரிய ஸ்டார்". 32 வயது. டாம்பாவோடு ஒரு ஆட்டத்தில் 86 யார்டு, 2 டச்டவுன் எடுத்துக் கொண்டாட வைத்தார், மறுக்கவில்லை. ஆனா நடு சீசனில் வந்தவர் ஒரு சில ரூட்களோடுதான் ஆட முடிந்தது, சீசன் முடிந்ததும் பால்டிமோருக்குப் போய்விட்டார். பெரிய பெயரை வைத்து ஓட்டையை அடைக்கலாம், ஒரு சீசனுக்கு.

நாலாவது, அஞ்சாவது ஆள் ஏன் வேற ஜாதி என்று சொல்லிவிடுகிறேன். கேம்ப்பில் 90 பேர் இருப்பார்கள், ஆகஸ்ட் கடைசியில் அதை 53 ஆகக் குறைக்கணும். அதில் ரிசீவருக்கு ஐந்தோ ஆறோ சீட்தான். அஞ்சாவது ரிசீவர் ஆட்டத்தில் பாதி நேரம் பந்தையே பார்க்க மாட்டார். கிக்-ஆஃபில் முழு வேகத்தில் ஓடி இன்னொருத்தன் மேல் மோதணும், பன்ட்டில் ஓடணும், ரன் ப்ளேயில் எதிராளியை மறிக்கணும். எந்த ஸ்டாரும் இதைச் செய்ய மாட்டான். ஜஸ்டின் வாட்சன் செய்தார். பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில் படித்துவிட்டு வந்தவர், 2022-லிருந்து மூணு சீசன் சீஃப்ஸில் இருந்தார். எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் நின்றார். அவர் பெயர் போட்ட ஜெர்சியை எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்று தெரியாது. என் கணக்கில் டெப்த் என்றால் அவர்தான். 2025-ல் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். வொர்தி மாதிரி ஒருவரை எடுப்பது பேப்பரில் தலைப்புச் செய்தி. வாட்சனைப் போகவிடுவது நாலாவது பக்கத்தில் ஒரு வரி.

ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் வொர்தி 157 யார்டு, 2 டச்டவுன். ஆனாலும் 40-22 தோல்வி, பெரும்பாலான யார்டு ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தவை. மஹோம்ஸ் 6 முறை பந்தோடு கீழே தள்ளப்பட்டார். ஃபிலடெல்ஃபியா ஒரு தடவைகூட கூடுதல் ஆளை அனுப்பித் தாக்கவில்லை, முன்வரிசை நாலு பேரே போதும் என்று ஆகிவிட்டது. காரணம், சீஃப்ஸின் இடது டேக்கிள் இடத்தில் நின்ற ஜோ தூனி உண்மையில் கார்டு. சரியான டேக்கிள் கிடைக்காமல் அவரை நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். ரிசீவர் எத்தனை பேர் இருந்தால் என்ன, பந்தை எறிய 3 விநாடி வேண்டாமா? உச்சவரம்பு ஒன்றுதான். ரிசீவர் ஸ்டாருக்குக் கொட்டும் ஒவ்வொரு கோடியும் முன்வரிசையிலிருந்து எடுத்தது. இதனாலேயே எனக்கு வாட்சன் மாதிரி மலிவான, பாடம் தெரிந்த ஆட்கள் மேல் இன்னும் பிடிப்பு அதிகமாகிறது.

அடுத்தது 2025. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ரைஸ் முதல் 6 ஆட்டத்துக்குத் தடையில் இருந்தார். 2024 மார்ச்சில் டல்லாஸ் நெடுஞ்சாலையில் காரில் ரேஸ் ஓட்டி நடந்த விபத்துக்காக. அடுத்தவர்கள் அடிபட்ட வழக்கு அது, "டீமுக்கு நஷ்டம்" என்று மட்டும் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. வொர்தி பிரேசிலில் நடந்த முதல் ஆட்டத்தில், ஆரம்ப ப்ளேக்களிலேயே கெல்சியோடு மோதி தோள்பட்டை விலகி வெளியேறினார். மறுபடி சொந்த ஆளோடு மோதல். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஓடியிருக்கிறார்கள், அதாவது யாரோ ஒருவர் ரூட்டைக் கொஞ்சம் மாற்றிப் படித்திருக்கிறார்.

ஃபிலடெல்ஃபியாவோடு இரண்டாவது ஆட்டத்தில் மஹோம்ஸ் எறிந்த 49 யார்டு டச்டவுனைப் பிடித்தது டைக்வான் தார்ன்டன். இவர் யார் என்பதில் ஒரு சுவாரஸ்யம். 2022 டிராஃப்டில் 50-வது பிக் சீஃப்ஸ் கையில்தான் இருந்தது, ஹில்லுக்குப் பதிலாக மயாமி கொடுத்தது. அதை நியூ இங்கிலாண்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கீழே 54-இல் ஸ்கை மூரை எடுத்தார்கள். நியூ இங்கிலாண்ட் அந்த 50-இல் எடுத்தது தார்ன்டனை. 4.28 விநாடி, அவரும் வேகக்காரர்தான். அங்கே எடுபடவில்லை, 2024 நவம்பரில் வெளியே அனுப்பினார்கள். சீஃப்ஸ் எடுத்து ப்ராக்டிஸ் ஸ்க்வாடில் போட்டது. அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. சும்மா உட்கார்ந்து, ப்ளேபுக் படித்து, ப்ராக்டிஸில் எதிர் டீம் ரிசீவர் மாதிரி ஓடிக்காட்டி மிச்ச சீசனைக் கழித்தார். மூர் 2025 ஆகஸ்ட்டில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். தார்ன்டன் இங்கே இருந்தார்.

ஆட்டம் 20-17 தோல்வி, அது வேற விஷயம். ரைஸ் ஏழாவது ஆட்டத்துக்கு வர வேண்டியிருந்தது, அதற்கு முன்னால் வொர்தியும் தோளைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நிலை. எல்லாரும் பார்க்கக் காத்திருந்தது ரைஸ் எத்தனை கேட்ச் பிடிப்பார் என்பதை. நான் தார்ன்டன் எத்தனை ப்ளே களத்தில் நிற்கிறார், கிக்-ஆஃபில் ஓட வைக்கிறார்களா, அல்லது மறுபடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அக்டோபரில் யாரையாவது வாங்குகிறார்களா என்றுதான் பார்க்கக் காத்திருந்தேன்.